எண்பது கஜம்

1971 நவம்பர் 28

ஒருவழியாக இடம் கிடைத்தது. எல்லையோரம், ஊர்க்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன ஒரு கிராமத்தின் மேற்கு ஓரத்தில் பழைய செங்கல் சூளை. வளைந்த தடித்த சுவர், மேலே தகரம். இந்தப் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியான எனக்கு முதலுதவி நிலையம் இதுதான். உள்ளே முழங்கால் அளவு சாம்பல். காலை முழுவதும் வாரினோம். தலைமுடி, மூக்கு, டீ எல்லாவற்றிலும் சாம்பல்.

ஹவில்தார் முனிரத்தினம் என் நர்சிங் உதவியாளர். குடியாத்தம் பக்கத்துக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், அறுபத்தைந்து சண்டையைப் பார்த்தவர். ஸ்ட்ரெச்சர்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"ஊசி, கத்தி, தையல் எல்லாம் நீங்க பாருங்க சார். ஷெல் வுழும்போது மட்டும் நா சொல்றத கேக்கணும்."

"என்ன சொல்வீங்க?"

"படுங்கன்னு சொல்வேன். வேற இன்னா சொல்றது?"

மனைவி பகவதிக்குக் கடிதம் எழுதினேன். பனி அதிகம், உடம்புக்குக் குறைவில்லை, கம்பளிக் கையுறை அனுப்ப வேண்டாம் என்று. கையுறை போட்டுக்கொண்டு நாடி பார்க்க முடியாது.

டிசம்பர் 3

சாயங்காலம் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். யுத்தம்.

டிசம்பர் 5

முதல் ஷெல். சூளைக்கு இருநூறு கஜம் வடக்கே கரும்புக்காட்டில் விழுந்தது. பிறகு நாற்பதோ ஐம்பதோ, எண்ணவில்லை. காயம்பட்டவர்கள் நான்கு பேர். ஒருவருக்குத் தொடையில் துண்டு; எடுத்துத் தைத்தேன்.

குளிர் இரண்டு டிகிரி. விரல் சொன்னபடி கேட்கவில்லை. முனிரத்தினம் எனக்கு மட்டும் அரை டம்ளர் டீ கொடுத்தார். "ஏன் அரை?" என்றேன். "சிந்தாது சார்" என்றார்.

டிசம்பர் 7

நேற்று இரவு சரியாகத் தூக்கமில்லை. இன்று நடந்தவற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

சூளைக்கு எதிரே எண்பது கஜ அகலத்தில் எதிரி புதைத்த கண்ணிவெடி வயல். அதற்கு அப்பால் ஒரு நீர் ஓடாத ஓடை. ஓடைக்கு அப்பால் முந்நூறு கஜத்தில் எதிரி இருக்கும் மேடு. பொறியாளர் படை வயலின் குறுக்கே மூன்றடி அகலத்துக்கு வெடிகளை எடுத்து, இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டி வழி செய்திருந்தார்கள். மதியம் நம் கம்பெனி ஒன்று அந்த வழியாகப் போய் மேட்டைத் தாக்கியது. பிடிக்க முடியவில்லை. நான்கரை மணிக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு. காயம்பட்டவர்கள் ஓடையில் கிடப்பதாகத் தகவல் வந்ததும் நானும் முனிரத்தினமும் ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களோடு நாடா வழியாக ஓடைக்குப் போனோம்.

பதினோரு பேர் கிடந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்க வேண்டியவர் அறுவர். நடக்கக்கூடியவர் இருவர். மூவர் இறந்திருந்தனர். யார் முதலில், யார் பிறகு என்று சொல்ல எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிஷம். ஷெல் விழுந்துகொண்டே இருந்தது. முனிரத்தினம் ஏதோ சொன்னார். சத்தத்தில் காதில் விழவில்லை.

நாங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகு வழியின் மேலேயே வரிசையாக ஷெல் விழுந்தது. நாடா போய்விட்டது. எந்த இடம் வழி, எந்த இடம் வெடி என்று இனி யாருக்கும் தெரியாது.

எட்டுப் பேரையும் ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினேன். ஓடையிலேயே விட்டுவந்த, இறந்த மூவரின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு ரேஷன் வண்டியில் தலைமையகத்துக்கு அனுப்பினேன். மூன்றாவது பெயர் சிப்பாய் கோமதிநாயகம், சங்கரன்கோவில்.

ஓடைச் சேற்றில் பூட்ஸ் நனைந்துவிட்டது. அடுப்பருகே வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 8

எழுத முடியவில்லை. முனிரத்தினத்தின் இடது கால் போய்விட்டது. கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை.

டிசம்பர் 9

நேற்றைய நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்குக் கடும் மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை. முன்வரிசைக் குழியிலிருந்து ஒரு சிப்பாய் ஓடிவந்து, "சார், ஓடையிலேர்ந்து சத்தம் கேக்குது" என்றான். போனேன். நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது.

"தண்ணி."

தமிழ்க் குரல். கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டர் சார்."

குழியில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், "கோமதி குரலு மாரி இருக்கு. ஆனா கோமதிதான் செத்துட்டானே" என்றான்.

கர்னல் பிரார் வந்தார். எங்கள் கமாண்டிங் ஆபீசர்; ஆறடிக்கு மேல் உயரம், மெதுவாகப் பேசுபவர். பொறியாளர் படை பக்கத்துப் பட்டாலியனுக்குப் போயிருக்கிறது, இருட்டிய பிறகுதான் வரும் என்றார். "அதுவரை தாங்குவானா, டாக்டர்?"

"வயிற்றுக் காயம், சார். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்திருக்கிறார். மதியம்வரைகூடத் தாங்க மாட்டார்."

"ஒருவனுக்காக நான்கு பேரை அந்த வயலுக்குள் அனுப்ப மாட்டேன்."

"யாரையும் அனுப்ப வேண்டாம், சார்."

அவர் என்னையே பார்த்தார். எனக்குக் கண்ணிவெடி தேடத் தெரியுமா என்று கேட்டார். பயிற்சியில் ஒரு வாரம் என்றேன். பதினோரு மணிக்குப் பனி கலைந்துவிடும், கலைந்தால் மேட்டிலிருந்து நீங்கள் முழுசாகத் தெரிவீர்கள் என்றார். தெரியும் என்றேன். அவர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. திரும்பிக்கொண்டார்.

முனிரத்தினத்தை நிலையத்தை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவிட்டேன். ஒரு துப்பாக்கி முனைக் கத்தி, மருந்துப் பை, மோர்பின், தண்ணீர்ப் போத்தல், ஒரு தரைவிரிப்பு. ஏழரைக்கு வயலுக்குள் வயிற்றால் படுத்தேன்.

கத்தியைச் சாய்வாக மண்ணில் விட வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் வெடித்துவிடும். இரண்டு விரற்கடை தள்ளி மறுபடி. மறுபடி. ஒரு கை அகலம் சோதித்து முடித்தால் முழங்கையளவு நகரலாம். பத்துக் கஜம் போவதற்குள் உள்சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. அப்போது காலுக்குப் பின்னால் ஒரு குரல்.

"சார், இடது பக்கம் போவாதீங்க. மண்ணு உப்பிக்கினு இருக்குது."

"உங்களுக்கு என்ன உத்தரவு கொடுத்தேன்?"

"அத அப்பால பேசலாம் சார். கொஞ்சம் நகருங்க, நா முன்ன போறேன்."

அவர் முன்னால் போனார். அறுபத்தைந்தில் இந்த வேலை செய்திருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கத்தி எதிலாவது பட்டால் நிறுத்திக்கொள்வார். ஊதி ஊதி, விரலால் மண்ணை விலக்குவார். பூட் பாலிஷ் டப்பா மாதிரி ஒரு மூடி தெரியும். அதைத் தொடாமல் சுற்றிப் போவோம். சோதித்த இடத்தில் நான் காயம் கட்டும் காஸ் துணியைக் கிழித்து ஒவ்வொரு துண்டாக வைத்துக்கொண்டே வந்தேன், திரும்பும் வழி தெரிய. மொத்தம் ஒன்பது வெடி. ஏழு அவர் கண்டுபிடித்தது.

பாதி வழியில் குரல் நின்றுவிட்டது. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. முனிரத்தினம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"கூப்டுக்கினே இருங்க சார். கேக்கும் அவனுக்கு."

கூப்பிட்டுக்கொண்டே போனேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஓடைக்குள் இறங்கினோம். கோமதிநாயகம் குடலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தார். உதடு நீலம். மணிக்கட்டில் நாடி இல்லை. கழுத்தில் இருந்தது.

மோர்பின் போட்டேன். வயிற்றில் ஈரத்துணி வைத்துக் கட்டினேன். தண்ணீரை உதட்டில் மட்டும் தடவினேன். அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார்.

திரும்பும்போது தரைவிரிப்பில் அவரைப் போட்டு நான் இழுக்க, முனிரத்தினம் பின்னாலிருந்து தள்ளினார். பனி மெல்லக் குறைந்தது. முதலில் என் கை தெரிந்தது, பிறகு காஸ் துணி, பிறகு சூளையின் தகரம். இன்னும் இருபது கஜம் இருக்கும்போது மேட்டிலிருந்து மெஷின் கன் ஆரம்பித்தது. காஸ் தீர்ந்துவிடும் என்று பயந்து, போகும்போது இந்த முதல் பகுதியில் இடைவெளி விட்டு வைத்திருந்தேன். அது என் தவறு. குண்டுக்கு ஒதுங்கிய முனிரத்தினம் ஒரு அடி தள்ளிக் காலை ஊன்றிவிட்டார்.

சத்தம் பெரிதாக இல்லை. சாக்கு மூட்டை விழுந்த மாதிரி.

பெல்ட்டால் அவர் தொடையை இறுக்கிக் கட்டினேன். "அவன மொதல்ல கொண்டும்போங்க சார்" என்றார். கோமதிநாயகத்தை இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்து அவரை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஊர்ந்தால் நேரமாகும். நடந்தேன். குண்டு படவில்லை. ஏன் படவில்லை என்று தெரியாது.

சூளையில் மிச்சத் தசையை நான்தான் வெட்டினேன். அவர் பற்களுக்கிடையில் மரக்கட்டை. முடிந்த பிறகு அதைத் துப்பிவிட்டு, சுற்றியிருந்தவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"முந்தாநேத்து... இல்ல, நேத்து சாயந்திரம் ஓடையில நா சொன்னது உங்களுக்குக் கேக்கல. ஷெல் சத்தம். அவ்ளோதான் சார். யாரு கேட்டாலும் அதான்."

டிசம்பர் 12

இறந்தவர் பட்டியல் எட்டாம் தேதி காலையே மேலே போய்விட்டதாம். மூன்று வீட்டுக்கும் தந்தி கொடுத்துவிட்டார்கள். கோமதிநாயகம் வீட்டுக்குத் திருத்தத் தந்தி அனுப்பியிருப்பதாக கர்னலின் உதவி அதிகாரி அட்ஜுடன்ட் சொன்னார். போய்ச் சேர்ந்திருக்கும்.

அவருக்கு ஆஸ்பத்திரியில் குடலில் ஒன்றரை அடி வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார்.

இன்று பூட்ஸ் காய்ந்தது.

டிசம்பர் 17

சண்டை நிறுத்தம். ரேடியோவைச் சுற்றி எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என்னைத் தோளில் தூக்கினார்கள். "கோமதியக் கொண்டாந்த டாக்டர்" என்று ஒருவன் கத்தினான். இறக்கிவிடச் சொன்னேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

1972 பிப்ரவரி 9

கர்னல் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். வீர் சக்ராவுக்கு என் பெயரைச் சிபாரிசு செய்திருக்கிறார். இரண்டு முறை படித்தேன். 'தன் உயிரைப் பொருட்படுத்தாமல், தனியாகக் கண்ணிவெடி வயலுக்குள் புகுந்து...'

"தனியாக இல்லை, சார்."

"முனிரத்தினம் உங்கள் உத்தரவை மீறி வந்தவர். அதை எழுதாமல் விட்டது அவருக்கு நல்லது, டாக்டர்."

சல்யூட் அடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20

புனா. செயற்கைக் கால் பொருத்தும் ஆஸ்பத்திரி. முனிரத்தினம் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகிக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். சிபாரிசைப் பற்றி அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"ரொம்ப சந்தோசம் சார்."

"உங்க பேர் அதில இல்ல."

"பேரு வந்தா காலு மொளைக்குமா?" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எனக்குக் கெடைக்காததுல வருத்தம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஊர்ல போயி நிக்கச்சொல்ல எப்படிப் போச்சு காலுன்னு கேப்பாங்க. மெதிச்சிட்டேன்னு சொல்லணும். மாடு மெதிச்ச மாரி."

திரும்பும் ரயிலில் முழு நேரமும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 2

இதுவரை எழுதாததை எழுதுகிறேன்.

டிசம்பர் ஏழாம் தேதி ஓடையில் கோமதிநாயகத்தின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். பத்து வினாடிகூட இருக்காது. நாடி இல்லை. "இவருக்கு முடிஞ்சுது, விடுங்க" என்றேன். முனிரத்தினம், "சார், கழுத்துல ஒரு தடவ பாருங்க" என்றார். தெளிவாகக் கேட்டது. இரண்டு முறை சொன்னார். குனிந்து பார்த்திருக்கலாம். அதற்கு இன்னும் பத்து வினாடி ஆகியிருக்கும். நான் எழுந்து ஓடினேன். நேரமில்லை என்பதால் அல்ல. அடுத்த ஷெல் அந்த இடத்தில் விழும் என்று எனக்குத் தோன்றியது. விழவில்லை.

மறுநாள் காலை நான் வயலுக்குள் போனது தைரியத்தால் அல்ல. அந்தக் குரல் நிற்க வேண்டும். உயிரோடு கொண்டுவந்தாலும் நிற்கும், நான் வெடித்துச் செத்தாலும் நிற்கும். இரண்டில் எது நடந்தாலும் சரி என்றிருந்தது.

மார்ச் 4

நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கர்னலிடம் கொடுத்தேன். ஓடையில் நடந்தது, முனிரத்தினம் சொன்னது, ஒன்பதில் ஏழு வெடிகளை அவர் கண்டுபிடித்தது, அவர் இல்லாமல் நான் பதினைந்து கஜம்கூடப் போயிருக்க முடியாது என்பது. எல்லாம்.

அவர் நின்றுகொண்டே படித்தார். முகம் சிவந்தது.

"இதை யார் கேட்டார்கள்?"

"யாரும் கேட்கவில்லை, சார்."

"அந்த ஷெல் அடியில் எந்த மருத்துவரும் தவறியிருப்பார்."

"முனிரத்தினம் தவறவில்லை, சார்."

மேஜைமேல் தாளை வைத்தார். "இது மேலே போனால் விசாரணை வரும். உங்கள் பதக்கம் போகலாம், வேலையும் போகலாம். அவருக்கும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். மூன்றும் நடக்கலாம். புரிகிறதா?"

"புரிகிறது, சார்."

"நாளைக் காலைவரை இது என் மேஜையில் இருக்கும். வந்து எடுத்துக்கொள்ளலாம்."

மார்ச் 5

காலை ஆறு மணிக்கு எழுந்து சவரம் செய்தேன். கர்னலின் கூடாரம் வரை நடந்தேன். வாசலில் நின்ற காவல்காரன் சல்யூட் அடித்தான். கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து நோயாளிகளைப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர். பாதிப் பேருக்குக் காலில் சேற்றுப்புண்.

ஏப்ரல் 11

விசாரணை இரண்டு நாள். ஒரு பிரிகேடியர், இரண்டு மருத்துவ அதிகாரிகள். ஓடையின் ஆழம் எவ்வளவு, அப்போது வெளிச்சம் எப்படி, எத்தனை வினாடி தொட்டேன், எந்தக் கை. ஒருவர் கேட்டார்: "நீங்கள் பயந்தீர்களா?"

"ஆமாம், சார்."

எழுதிக்கொண்டார்.

முனிரத்தினத்தையும் வரவழைத்திருந்தார்கள். ஊன்றுகோலோடு வந்தார். உள்ளே போய் அரை மணி இருந்தார். வெளியே வந்து என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனவர், திரும்பி வந்தார். கோபம்.

"நா ஒண்ணு சொல்லி வெச்சா நீங்க ஒண்ணு சொல்லிக்கினு. என்னப் பொய்யனாக்கிட்டீங்களே சார்."

"உள்ள என்ன சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? நீங்க எழுதிக் குடுத்ததத்தான் சொன்னேன்."

மே 23

மூன்று உறைகள் ஒரே தபாலில். முதலாவது, விசாரணையின் முடிவு: அதிருப்திக் கடிதம். இது என் கோப்பில் இருக்கும். நான் மேஜர் ஆவது இரண்டு வருஷம் தள்ளிப்போகும் என்கிறார்கள். இரண்டாவது, வீர் சக்ரா உறுதியானது. மறுநாள் காலை செய்தது செய்ததுதான், முந்தின நாள் தவறு அதை மாற்றாது என்று தீர்மானித்திருக்கிறார்கள். மூன்றாவது கர்னல் தன் கையால் எழுதிய துண்டுச் சீட்டு. 'முனிரத்தினத்துக்கு சேனா மெடல். உத்தரவை மீறியது பற்றி எங்கும் குறிப்பு இல்லை.'

அந்தச் சீட்டை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 10

நாகர்கோவில். பத்து நாள் லீவு. போன வாரம் டில்லியில் பதக்கம் குத்தினார்கள். பகவதி ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடத்தில் இன்று பாராட்டுக் கூட்டம். பிள்ளைகள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த நான்கு பக்க அறிக்கையின் நகலை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தந்தி போச்சே, அந்த வீட்டுக்குப் போனீங்களா?"

"திருத்தத் தந்தி அனுப்பிட்டாங்க."

"தந்தி போனதைக் கேக்கல. நீங்க போனீங்களான்னு கேட்டேன்."

ஜூலை 14

சங்கரன்கோவில் போய்விட்டு வந்தேன். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்தே கூட்டம். கோமதிநாயகத்தின் வீடு தறிக்காரர்கள் தெருவில். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். உடல் தகுதி இல்லையென்று அவரை ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு கடையில் சேலை மடித்துக் கொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் நேராக நிமிர முயன்றார். வயிறு இழுத்திருக்கும். குனிந்தபடியே சல்யூட் அடித்தார்.

அவருடைய அம்மா கோவிலுக்குப் போயிருந்தார். மனைவி செண்பகம் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்வாசலில் நின்றாள். இருபது, இருபத்தொன்று வயதிருக்கும்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். வழியெல்லாம் மனதில் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் வரவில்லை. "கோமதிநாயகம், உங்களை அன்னைக்கு ஓடையில விட்டுட்டு வரச் சொன்னது நான்தான். செத்துட்டீங்கன்னு எழுதிக் கொடுத்ததும் நான்தான். சரியாப் பாக்கல."

அவர் தரையைப் பார்த்தார்.

"தெரியும் சார். கேட்டுக்கிட்டுதான் கெடந்தேன்."

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"கண்ணத் தொறக்க முடியல, வாயத் தொறக்க முடியல. ஆனா காது கேட்டுது. ஹவில்தார் ரெண்டு தடவ சொன்னாரு. நீங்க போயிட்டீக. ராத்திரி பூரா உங்களத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன் சார். விடியக்காலம் குரல் வந்துச்சு. வேற ஆரக் கூப்பிட? செத்துட்டான்னு சொன்னவருதான வந்து இல்லன்னு சொல்லணும்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆசுபத்திரியில ஒவ்வொருத்தனா வந்து, டாக்டரு உன்னை எப்படிக் கொண்டாந்தாருன்னு சொல்லுவானுவ. சரின்னு கேட்டுக்கிடுவேன்." நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "இப்ப நீங்களே வந்து சொல்லிட்டீக. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக, கலர் வாங்கிட்டு வாரேன்."

தடுக்கத் தடுக்க எழுந்து போனார். தெருவில் அவர் மெல்ல நடந்து திரும்பும்வரை செண்பகம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டடி முன்னால் வந்தாள்.

"அய்யா, நீங்க வைத்தியருதான? ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"மொதத் தந்தி வந்த அன்னைக்கு எனக்கு மூணாம் மாசம். அவுகளுக்கு எழுதல. அடுத்த கடுதாசில எழுதலாம்னு இருந்தேன். அத்தைக்கும் சொல்லல. மூணா நாளு எல்லாம் போயிருச்சு. வீடு பூரா சனம் அழுதுக்கிட்டு இருந்தாக. நான் அழுததுல ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. எங்க அக்கா மட்டும் கண்டுபிடிச்சா. மறுநா ரெண்டாவது தந்தி வந்துச்சு."

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்குப் பொறவு ஒண்ணும் தங்கல. எங்கிட்ட ஏதும் கொறை விழுந்துட்டாய்யா?"

டாக்டராகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். காய்ச்சல் வந்ததா, எத்தனை நாள் உதிரம் போனது, மாதா மாதம் சரியாக வருகிறதா. கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ரத்தசோகை, வேறு குறை இருப்பதாகத் தெரியவில்லை, மாத்திரை எழுதித் தருகிறேன், அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டரிடமும் காட்டு என்றேன். குழந்தை தங்கும் என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

சீட்டை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "தந்தியாலதான் போச்சாய்யா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும்.

"தெரியாதும்மா. அந்த மாசத்துல காரணமே இல்லாமயும் போகும். தந்திதான் காரணம்னா, அந்தத் தந்திக்கு நான் காரணம்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவுககிட்ட சொல்லிராதீக. கதவு தட்டுத சத்தத்துக்கே இன்னமும் எந்திரிச்சு உக்காருதாக. இதையும் சொமக்க வேண்டாம்."

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கோமதிநாயகம் இரண்டு கலர் போத்தல்களோடு வந்தார். குடித்தேன். என்ன நிறம் என்றுகூட நினைவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு, தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"செண்பகம் உங்ககிட்ட என்னமும் கேட்டாளா சார்?"

"ரத்தசோகை இருக்கு. மாத்திரை எழுதிக் கொடுத்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விசாரணையில் அந்த மூன்று அதிகாரிகளும் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார். நான் கண்ணை விலக்கவில்லை.

"சரி சார்" என்றார். "மாத்திரைய நானே வாங்கிக் குடுத்திருதேன். அவளா போயி வாங்கமாட்டா. எத்தன மாசத்துக்குச் சாப்பிடணும்?"

"மூணு மாசம்."

தலையாட்டினார். திருநெல்வேலி பஸ் வந்தது. கூட்டத்தில் எனக்கு இடம்பிடித்துக் கொடுக்க அவரே முதலில் ஏறி, ஜன்னலோரம் துண்டைப் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.